ம் வராத வரி

நூற்று நாற்பத்தோராம் பக்கத்தில் யாரோ "ம்" என்றார்கள்.

அவள் பென்சிலை வரியின்மேல் அப்படியே நிறுத்தினாள். சாப்பாட்டு மேஜையில் புரூஃப் தாள்களுக்குப் பக்கத்தில், ஒரு டம்ளரில் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து அவளுடைய சொந்தக் குரல் கணீரென்று வந்துகொண்டிருந்தது. "அந்த வாரம் முழுக்க அவளுக்கு வாந்தி, புள்ளி." பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளிக்குள், மூக்கிலிருந்து வந்த மாதிரி மெல்லிசாக, அலுப்பாக, ஒரு "ம்". அதைக் கேட்டுக்கொண்ட மாதிரி அவள் குரல் அடுத்த வரிக்குப் போனது. "யாரிடமும் சொல்லவில்லை, புள்ளி." மறுபடியும், "ம்."

பகல் இரண்டு மணி. பக்கத்துத் தச்சுப் பட்டறையில் சாப்பாட்டு நேரம் முடிந்து ரம்பம் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. ஜன்னல் வழியாக மரத்தூள் வாசனையும், வெயிலில் காய்ந்த சுவரின் சூடும், எங்கோ துணி துவைக்கிற சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து உள்ளே வந்துகொண்டிருந்தன. பேய்க்கு உகந்த நேரமில்லை. அவளுக்கும் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருபத்தேழு வருஷம் அச்சகத்தில் புரூஃப் படித்தவளுக்கு நம்பிக்கை இருந்ததெல்லாம் ஒற்றுப்பிழைகளில்தான்.

அந்த "ம்" என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கை நின்றது.

புரூஃப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. காலையில் கையெழுத்துப் பிரதியை வாய்விட்டுப் படித்துப் போனில் பதிவு செய்துகொள்வாள், கமா, புள்ளி, பத்தி எல்லாம் சேர்த்து. மதியம் அதை ஓடவிட்டு, அச்சுத் தாளில் வரி வரியாகப் பென்சிலை நகர்த்துவாள். தனி ஆளாகப் போய்விட்டதால் வந்த ஏற்பாடு இது. அச்சகத்தில் இந்த வேலைக்கு இரண்டு பேர். ஒருத்தி படிப்பாள், எதிரே உட்கார்ந்திருப்பவள் தாளைப் பார்ப்பாள். வரி சரியாக இருந்தால் பார்க்கிறவள் "ம்" என்பாள்; அதைக் கேட்ட பிறகுதான் படிக்கிறவள் அடுத்த வரிக்குப் போகலாம். "ம்" வராவிட்டால் எங்கோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம், அதே வரியை மறுபடி படிக்க வேண்டும். என்ன தப்பு என்று கேட்கிற வழக்கம் கிடையாது. படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே படித்தவள் இவள். தொண்டை அப்படி, மெஷின் சத்தத்தை மீறிக் கேட்கும். அதனால் மைக் என்று பேர் வைத்திருந்தார்கள். எதிரே உட்கார்ந்து பார்த்தவள் குண்டூசி. ஆள் ஒல்லிதான், ஆனால் அதற்காக வந்த பேரில்லை. தப்பு கண்ட இடத்தில் பென்சிலால் சுழிக்காமல், தாளின் ஓரத்தில் குண்டூசியால் ஒரு குத்து குத்துவாள். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் தப்புகளெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தெரியும். மைக்கும் குண்டூசியும் சேர்ந்து பார்த்த புத்தகத்தில் ஒரு துணைக்கால்கூடத் தப்பிப் போகாது என்று முதலாளியே வாய்விட்டுச் சொல்வார், சம்பளத்தை மட்டும் ஏற்றமாட்டார்.

குண்டூசி செத்து இருபது வருஷம் ஆகிறது.

பழக்கதோஷத்தில் தானே சொல்லியிருப்போம் என்று இவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பதிவைப் பின்னுக்கு இழுத்து, இன்றைய பங்கு தொடங்கிய நூற்று இருபதாம் பக்கத்திலிருந்து இங்கும் அங்குமாக ஓடவிட்டுப் பார்த்தாள். நூற்று நாற்பது பக்கம் வரை ஒரு சத்தமும் இல்லை. அவள் குரல், மின்விசிறியின் கிறீச், தூரத்தில் ஒரு ஹாரன். நூற்று நாற்பத்தொன்றிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் அந்த மூக்குச் சத்தம். குண்டூசியைப் பற்றிய அத்தியாயம் தொடங்குவது நூற்று நாற்பத்தொன்றில்தான்.

இது அவள் எழுதிய முதல் நாவல், அறுபத்தோரு வயதில். "குடும்ப ரகசியங்கள், பழைய நட்பு, மன்னிப்பு, மூன்றும் பின்னிய நாவல்" என்று பதிப்பாளர் பின்னட்டைக்கு எழுதியிருந்தார். மன்னிப்பு என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இருநூறு பக்கம்.

இலக்கிய ஆசையெல்லாம் ஒன்றுமில்லை. எட்டு மாதத்துக்கு முன், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மகள் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே, "அம்மா, அப்பாவோட ப்ளட் குரூப் என்ன?" என்று கேட்டாள். யாருக்கு ஞாபகம் என்று இவள் மழுப்பினாள். "சரி, உன்னோடதாவது? ஒரு சொட்டு குடு, ரெண்டு நிமிஷத்துல சொல்லிடறேன்" என்று மகள் சிரித்தாள். விளையாட்டுக்குக் கேட்டதுதான். இவள் விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஏனென்றால் மகளைப் பெற்றவள் குண்டூசி. அது தெரிந்த மூன்று பேரில் குண்டூசியும் இவள் புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது இவளும், மகளின் உடம்பில் ஓடுகிற ரத்தமும். ரத்தத்துக்குப் பூட்டுப் போட முடியாது. ஆகவே உண்மை வந்து சேருவதற்கு முன்னால் கதை போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கல்யாணம் ஆகாமல் பெற்ற குழந்தையை ஒருத்தி தானே விரும்பித் தன் தோழியின் மடியில் வைக்கிறாள். சாகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஒரு குறையுமில்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறாள். மகள் அதைப் படிப்பாள், அழுவாள். என்றைக்காவது உண்மை தெரியவரும்போது, அந்த நாவல் நம் கதைதானா அம்மா என்று வந்து கட்டிக்கொள்வாள். அது நாவலே இல்லை, முன்ஜாமீன்.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மகள் வருவாள். திருத்திய தாள்களை வாங்கிக்கொண்டு, போகிற வழியில் பதிப்பாளரிடம் கொடுப்பாள்.

அவள் போனை மறுபடி ஓடவிட்டாள். வேறு என்ன செய்வது. பென்சில் நகர்ந்தது. ம். பென்சில் நகர்ந்தது. ம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தத்துக்குக் கை பழகிப்போனதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அது வந்தால்தான் விரல் அடுத்த வரிக்குப் போனது, இருபது வருஷத்துக்குப் பிறகும் விரலுக்கு மட்டும் அந்த அச்சக அறையின் வேகம் மறந்திருக்கவில்லை.

"அவள் தானே வந்து குழந்தையை என் மடியில் வைத்தாள், புள்ளி" என்றது போன்.

"ம்" வரவில்லை.

மின்விசிறி சுற்றியது. பட்டறையில் ரம்பம் ஒரு கட்டையை அறுத்து முடித்து அடங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். போனுக்குள்ளும் யாரோ காத்திருந்தார்கள்.

பிறகு அவள் குரல் மறுபடியும் அதே வரியைப் படித்தது. "அவள் தானே வந்து குழந்தையை என் மடியில் வைத்தாள், புள்ளி."

காலையில் அவள் அந்த வரியை ஒரு தடவைதான் படித்தாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்வாள், ஒரே தடவை. ஆனால் பதிவில் அவள் குரல் அதை மூன்றாம் தடவை படித்தது, நான்காம் தடவை படித்தது. நான்காவதில் தொண்டை கட்டியிருந்தது. ஏழாவதில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பத்தாவதில் அந்தக் குரல் படிக்கவில்லை, கெஞ்சியது. பதினோராம் தடவைக்குப் பிறகு ஒன்றுமே இல்லாமல் வெறும் இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

போனைக் கையில் எடுத்துத் திரையைப் பார்த்தாள். காலையில் படித்தது மூன்று மணி நேரம். பதிவின் நீளம் ஐந்து மணி நேரம் என்று காட்டியது.

அந்தச் சமயத்தில் போன் கையிலேயே அதிர்ந்து அவளைத் தூக்கிவாரிப் போட்டது. மகள்.

"அம்மா, முடிஞ்சுதா? அஞ்சு மணிக்கு டாண்னு வந்துடுவேன்."

"கொஞ்சம் பாக்கி இருக்கு. நாளைக்கு வாயேன்."

"நாளைக்கா? அந்தப் பதிப்பாளர் பிரஸ்ல இடம் பிடிச்சு வச்சிட்டு உக்காந்திருக்கார். இன்னிக்கு விட்டா இன்னும் ஒரு மாசம்னு புலம்பறார். நான் வேற கடைசி அத்தியாயத்தை பஸ்ல படிச்சிடலாம்னு இருக்கேன். நீதான் ஒரு வரிகூட காட்டமாட்டேங்கறியே." கொஞ்சம் நிறுத்தி, "உனக்கென்ன, சளியா?" என்றாள்.

"இல்லையே. ஏன்?"

"நான் பேசப் பேச மூக்காலயே ம், ம்ங்கற. ஆவி பிடி. வச்சிடறேன்."

அவள் ஒரு தடவைகூட "ம்" சொல்லியிருக்கவில்லை.

பதிவை நிறுத்திப் போனைக் குப்புறக் கவிழ்த்தாள். கண்ணாலேயே ஒப்பிட்டு முடித்துவிடலாம், எத்தனை புத்தகம் பார்த்த கண் என்று தாள்களை அள்ளிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். வெயில் நேராக விழுந்தது. நூற்று ஐம்பத்தெட்டாம் பக்கத்தை எடுத்து உயர்த்தினாள்.

மடியில் வைத்தாள் என்ற வரிக்கு நேரே, ஓரத்தில், ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் பொட்டு.

அவள் தாளை இறக்கினாள். விரலால் தடவிப் பார்த்தாள். பின்பக்கம் சின்னதாக மேடு தட்டியது. குத்து.

நூற்று அறுபதாம் பக்கத்தில் ஒரு குத்து: ஆஸ்பத்திரியில் குண்டூசி தன் பேரிலேயே பிரசவத்துக்குச் சேர்ந்ததாகப் பழைய நினைவாக எழுதியிருந்த இடம். அது பொய். சேர்த்தது இவள் பேரில். யோசனையும் இவளுடையது, கல்யாணமாகாதவள் என்று யாரும் கேவலமாகப் பார்க்க மாட்டார்கள் பார் என்று குண்டூசியைச் சம்மதிக்க வைத்தது இவள்தான். பிள்ளை பிறந்ததும் தாயார் என்ற இடத்தில் இவள் பேர் அச்சாகி வந்தது. இரண்டு பேரும் புரூஃப் பார்க்கிறவர்கள், அச்சில் ஏறியதற்கு என்ன மதிப்பு என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருக்க வேண்டும். ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள், ஒரு நல்ல ரூம் கிடைத்ததும் கூட்டிப்போகிறேன் என்று குண்டூசி அழுதபோது, வயிறு திறக்காத இவள் தலையைத் தலையை ஆட்டினாள்.

நூற்று அறுபத்து மூன்றில் மூன்று குத்து. நூற்று எழுபதில் ஏழு. பக்கம் போகப் போகப் பெருகின. கடைசி அத்தியாயத்தை எடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுகிற அந்தப் பக்கத்தை வெயிலில் பிடித்தாள். பக்கம் முழுக்கச் சல்லடை. அவள் முகத்திலும் கழுத்திலும் சேலை முந்தானையிலும் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்தது.

அறைக்குள் மண்ணெண்ணெய் வாசனை வந்தது. அச்சகத்தில் ஈய எழுத்துகளைத் துடைத்து வைக்கிற மண்ணெண்ணெய்.

"என்னடி வேணும் உனக்கு?" என்றாள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

மேஜையின் எதிர்ப்பக்க நாற்காலி, வழக்கமாக மேஜையை ஒட்டித் தள்ளியிருப்பது, ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பின்னால் தள்ளியிருந்தது.

ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தாள். வாசல் பத்து அடி. ஆனால் ஓடி எங்கே போவது, ஐந்து மணிக்கு மகள் வரும்போது இந்தத் தாள்களும் இந்தப் போனும் மேஜைமேல் இருக்குமே. அவள் வந்து உட்கார்ந்தாள். எதிரே பார்க்காமல் பென்சிலை எடுத்தாள். நூற்று ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதி, எழுதியதைப் படித்தாள். கை தன் பாட்டுக்குப் போனைத் திருப்பிப் பதிவை அழுத்தியது. படிக்கும்போது பதிவு செய்வது அப்படி ஊறிப்போயிருந்தது.

"குழந்தையை அவள் என்னிடம் பார்த்துக்கொள்ளத்தான் கொடுத்தாள், புள்ளி."

"ம்."

போனிலிருந்து வரவில்லை. மேஜைக்கு எதிர்ப்பக்கமிருந்து வந்தது.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயத்தில் வந்த அழுகை என்றுகூட முழுசாகச் சொல்ல முடியாது. எத்தனையோ வருஷமாக மாட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, ஒரு வரி நகர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. அடுத்ததை எழுதினாள். படித்தாள். ம். அடுத்தது. ம். ஓரத்தில் இடம் போதாமல் பின்பக்கத்தில் எழுதினாள். பட்டறையில் ரம்பம் ஓடியதும் நின்றதும் அவளுக்குக் காதில் விழவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவள் வந்தாள், புள்ளி. ம். ரூம் பார்த்துவிட்டேன், பிள்ளையைக் கூட்டிப்போக வந்தேன் என்று வாசலில் நின்று சொன்னாள், புள்ளி. ம். நான் கதவைத் திறக்கவில்லை, புள்ளி. ம். குழந்தைக்கு அவள் குரல் தெரியும், கமா, குரலைக் கேட்டதும் அழைக்க வாயெடுத்தது, புள்ளி. ம். நான் அதன் வாயைப் பொத்தினேன், புள்ளி.

ம்.

இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை அவள் தட்டினாள், புள்ளி. ம். அவ்வளவு நேரமும் நான் கையை எடுக்கவில்லை, கமா, நடுவில் இரண்டு மூன்று தடவை மூச்சு விடுவதற்கு மட்டும் விரலைத் தளர்த்தினேன், புள்ளி.

"ம்" வரவில்லை.

அவள் பென்சிலைக் கடித்தாள். அடித்து எழுதினாள். ஒரு தடவை மட்டும், புள்ளி. ம். குழந்தை காலை உதைத்தது, புள்ளி. ம். அப்புறம் உதைக்கவில்லை, புள்ளி. ம். அவள் போன பிறகு கையை எடுத்தேன், கமா, உதடு நீலமாக இருந்தது, புள்ளி. ம்.

மகள் இன்றைக்கும் போர்வையை முகத்துக்கு மேலே இழுக்க மாட்டாள். குளிர் காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்குவாள். ஏனென்று அவளுக்கே தெரியாது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் என்று இவள் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

மறுநாள் காலை குண்டூசி வேலைக்கு வந்தாள். அதையும் எழுதினாள். வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். இவள் படித்தாள், அவள் "ம்" என்றாள். போலீசுக்குப் போகவில்லை, போனாலும் காகிதத்தில் தாய் இவள். ஊரைக் கூட்டவில்லை. ஒன்பது வருஷம் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, அந்த ஒரு சத்தத்தைத் தவிர இவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இவள் குழந்தையின் காய்ச்சலைப் பற்றி, முதல் நாள் பள்ளிக்கூடத்தைப் பற்றி, விழுந்த பல்லைப் பற்றிப் பக்கத்து மேஜைக்காரியிடம் சொல்லும்போது, எதிரே குண்டூசி தாளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கம் திருப்ப மாட்டாள்.

கடைசி அத்தியாயம். கையைப் பிடித்ததெல்லாம் கிடையாது. வார்டில் குண்டூசிக்கு நினைவு நன்றாகவே இருந்தது. கண் திறந்திருந்தது. இவள் குனிந்து, "மன்னிச்சிடுடி" என்றாள். குண்டூசி இவளைப் பார்த்தாள். "ம்" வரவில்லை. இவள் மறுபடி சொன்னாள். மறுபடி. பதினொரு தடவை சொன்னாள்.

புள்ளி.

"ம்."

எழுதி முடித்தபோது மணி நாலேகால். வெயில் சுவருக்கு ஏறியிருந்தது. பென்சில் கட்டையாகத் தேய்ந்திருந்தது, விரல் கன்றியிருந்தது. பதிவை நிறுத்தினாள். ஆனால் நெஞ்சில் ஒரு லேசு இருந்தது, குளித்துவிட்டு வந்த மாதிரி. எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. ஒன்றைக்கூட மறைக்கவில்லை. இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி எதிர் நாற்காலியைப் பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது. பிரம்பு இருக்கை மட்டும் நடுவில் கொஞ்சம் அழுந்தியிருந்தது.

"இப்பவாவது மன்னிச்சியாடி?"

மின்விசிறி சுற்றியது.

"எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன் இல்ல. மன்னிச்சேன்னு சொல்லு."

எங்கோ ஒரு கதவு சாத்துகிற சத்தம்.

"ம்னு மட்டும் சொல்லேன். அது போதும்."

இருக்கையின் அழுத்தம் அசையவில்லை. மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து சீராக மூச்சு மட்டும் வந்தது. வரியில் தப்பு இருக்கிறது என்று தெரிந்தவள், படிக்கிறவள் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று பேசாமல் இருப்பாளே, அந்த மூச்சு.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அழுகைக்கு அடியில் இத்தனை நேரம் அதுதான் உட்கார்ந்திருந்தது போலும்.

"யாருடி வளத்தது?" என்றாள். "ராத்திரி பகலா தோள்ல போட்டு நடந்தது யாரு? பத்து மாசம் சுமந்துட்டா போதுமா? நீ இருந்த நிலைமைக்கு அவளை என்ன படிக்க வச்சிருப்ப? செத்தும் ஒரு வார்த்தை வரலைல்ல உனக்கு. வேணாம். நீயே வச்சுக்க."

திருத்திய தாள்களை அள்ளி நாலாக எட்டாகக் கிழித்தாள். கைப்பிடி கைப்பிடியாகக் குப்பைக்கூடையில் திணித்தாள். பதிப்பாளர் எப்போதும் இரண்டு பிரதி அனுப்புவார். இரண்டாவதைப் பீரோவிலிருந்து எடுத்துவந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு குத்து இல்லை. மடியில் வைக்கிற குழந்தை, கையைப் பிடித்துக்கொள்கிற தோழி, மூடுகிற கண், எல்லாம் பூசி மெழுகிப் பளபளவென்று இருந்தன. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். போனை எடுத்தாள். எல்லாப் பதிவுகளையும் அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். பதிவுகள் ஏதும் இல்லை என்றது.

நாற்காலியை மேஜையோடு ஒட்டித் தள்ளினாள். தடையில்லாமல் போனது. மண்ணெண்ணெய் வாசனை இல்லை. முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கட்டிய தாள்களை மடியில் வைத்துக்கொண்டு மகளுக்காகக் காத்திருந்தாள்.

ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"அம்மா."

வரேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வலது கை எழுந்தது. அவள் எழுப்பவில்லை. தாள்களை விட்டுவிட்டு, நிதானமாக, பழகிய கையாக மேலே வந்து, உள்ளங்கையை அவள் வாய்மேல் வைத்து அழுத்தியது.

"அம்மா, நான்தான். திற."

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நகங்கள் கன்னத்தில் இறங்கின. எழுந்திருக்கப் பார்த்தாள். கால் இருந்தது, உதைக்க மட்டுமே முடிந்தது. தாள்கள் தரையில் சரிந்தன.

"தூங்கிட்டியா?" கதவு மறுபடி தட்டப்பட்டது.

மேஜையில் போன் ஒளிர்ந்தது.

"குழந்தையை அவள் என்னிடம் பார்த்துக்கொள்ளத்தான் கொடுத்தாள், புள்ளி."

அவள் குரல். கணீரென்று. மெஷின் சத்தத்தை மீறிக் கேட்கிற குரல். கதவென்ன, தெருவுக்கே கேட்கும்.

தட்டுவது நின்றது.

"இரண்டு வருஷம் கழித்து ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவள் வந்தாள், புள்ளி."

அவள் இடது கையை நீட்டினாள். போன் ஒரு முழத்துக்கு அப்பால் இருந்தது. விரல் எட்டவில்லை. உள்ளங்கைக்குள் கத்தினாள். கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. போன் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தியது. அந்த இடைவெளி இப்போது காலியாக இருந்தது.

"ரூம் பார்த்துவிட்டேன், பிள்ளையைக் கூட்டிப்போக வந்தேன் என்று வாசலில் நின்று சொன்னாள், புள்ளி."

இடைவெளி.

பிறகு கதவுக்கு வெளியிலிருந்து, மெல்லிசாக, மூக்கால்:

"ம்."

மகளின் குரல். முப்பத்தோரு வருஷத்தில் மகள் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

"நான் கதவைத் திறக்கவில்லை, புள்ளி."

"ம்."

கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல்கடை சந்து. சாயங்கால வெயில் அதன் வழியாக உள்ளே கோடு போட்டிருந்தது. கோட்டில் மகளின் செருப்பு நிழல். அதையொட்டி, ரொம்ப ஒட்டி, செருப்பில்லாத இரண்டு ஒல்லிப் பாதங்கள்.

"நான் அதன் வாயைப் பொத்தினேன், புள்ளி."

இந்தத் தடவை "ம்" இரண்டு தொண்டையிலிருந்து வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரே மூச்சில்.

அவள் கட்டைவிரல் மெல்ல நகர்ந்தது. உதட்டுக்கு மேலே ஏறி, மூக்கின் ஒரு பக்கத்தை அழுத்தியது. மறுபக்கத்துக்கு ஆள்காட்டி விரல் வந்தது. போன் அவசரப்படாமல் அடுத்த வரியைப் படித்தது. வெளியே இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.